நாற்காலிக் கம்பெனியின் இசைத்தட்டுகள்

பருத்திக்காட்டுப் பாட்டு – அத்தியாயம் 6

விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில், போர்ட் வாஷிங்டன் என்று ஒரு சிறு நகரம். 1888-இல் அங்கே தொடங்கப்பட்ட விஸ்கான்சின் சேர் கம்பெனியின் சம்பளத்தில்தான் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. பெயருக்கேற்ப நாற்காலி செய்தார்கள். பிறகு எடிசனின் கிராமபோன்களுக்கு மரப்பெட்டி செய்து கொடுத்தார்கள். பெட்டி செய்கிறவர்களுக்கு, உள்ளே இருக்கும் கருவியையும் நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. செய்தார்கள். கருவி வாங்குகிறவனுக்குப் போட்டுக் கேட்கத் தட்டு வேண்டுமே? 1917-இல் தட்டும் போடத் தொடங்கினார்கள். அந்தத் தட்டுகளுக்குப் பாரமவுண்ட் என்று பெயர். ஹாலிவுட் படக் கம்பெனிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மா ரெய்னியின் குரல், பிளைண்ட் லெமன் ஜெபர்சனின் கிடார், சார்லி பேட்டனின் உறுமல், ஸ்கிப் ஜேம்ஸின் மெல்லிய ஓலம் எல்லாம் இன்று நம் காதுக்கு எட்டுவது இந்த நாற்காலிக்காரர்களின் புண்ணியத்தில்தான். முதலாளிகளுக்கு இந்த இசைமேல் தனிக் காதல் எதுவும் கிடையாது. விற்றது, போட்டார்கள். விற்காதபோது கடையைக் கட்டினார்கள். அந்தப் பதினைந்து வருடத்துக் கதைதான் இந்த அத்தியாயம்.

சென்ற அத்தியாயத்தில் நியூ ஆர்லியன்ஸின் பட்டி போல்டனை 1907-இல் லூசியானா மனநோய் விடுதியின் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். 1931-இல் அங்கேயே இறந்துபோனார். அவர் கார்னெட்டை எடுத்து ஊதினால் மிசிசிப்பி ஆற்றின் அக்கரையில் கேட்கும் என்றார்கள், கூட வாசித்தவர்கள். மெழுகு உருளை ஒன்றில் அவர் வாசிப்பு பதிவானதாக ஒரு பேச்சு உண்டு. அந்த உருளை இன்றுவரை யார் கையிலும் சிக்கவில்லை. ஆகவே ஜாஸின் முதல் மனிதர் நமக்கு வெறும் பெயராகவும் ஒரே ஒரு மங்கலான புகைப்படமாகவும் நிற்கிறார்.

முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் கம்பெனியில் பதிவானது. வாசித்தவர்கள் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற ஐந்து வெள்ளைக்கார இளைஞர்கள். கார்னெட் குதிரைபோல் கனைக்கும், கிளாரினெட் சேவல்போல் கூவும், டிராம்போன் மாடுபோல் கத்தும். தட்டு சக்கைப்போடு போட்டது. தங்களுடைய பெயரில் ‘ஒரிஜினல்’ என்று சேர்த்துக்கொள்ளும் துணிச்சலை இந்த ஐவரிடம் நாம் பாராட்டத்தான் வேண்டும். போல்டனுக்கு அடுத்த கார்னெட் மன்னர் ஃப்ரெடி கெப்பார்டுக்கு இதற்கு ஓராண்டு முன்பே விக்டர் கம்பெனி அழைப்பு விடுத்ததாகவும், ‘என் சரக்கை ஊரெல்லாம் திருடிவிடுவார்கள்’ என்று அவர் மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை உலவுகிறது. மேடையில் வாசிக்கும்போது விரலசைவு தெரியாதபடி கைக்குட்டை போட்டு மூடிக்கொள்வாராம். கதை எவ்வளவு மெய்யோ, அன்றைய கலைஞனின் பயம் மெய்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இசைத்தட்டுகளை வெளியான தேதிப்படி வரிசையாகக் கேட்டால், ஜாஸை வெள்ளையர் தொடங்கினார்கள், புளூஸைப் பட்டுடை அணிந்த மேடைப் பாடகிகள் தொடங்கினார்கள், பின்னால்தான் கிராமத்துக் கிடார்க்காரர்கள் வந்தார்கள் என்று தோன்றும். நடந்தது ஏறக்குறைய இதற்குத் தலைகீழ். மிகப் பழைய பாணி கடைசியாகத் தட்டில் ஏறியது; மிகப் புதியது முதலில் ஏறியது. இசை பிறந்த வரிசை வேறு, வியாபாரி கடைவிரித்த வரிசை வேறு. பல வரலாற்று நூல்கள் இரண்டாவதை முதலாவது என்று நினைத்து எழுதப்பட்டவை.

வியாபாரியின் கண்ணைத் திறந்தவர் பெர்ரி பிராட்ஃபோர்டு. அட்லாண்டாவில் வளர்ந்தவர், பாட்டு எழுதுவார், பியானோ வாசிப்பார், நாடகக் குழுக்களோடு சுற்றியவர். பிடித்தால் விடமாட்டார் என்பதால் ‘கோவேறு கழுதை’ என்று பட்டப்பெயர். நியூயார்க்கில் ஒவ்வொரு இசைத்தட்டுக் கம்பெனியின் படியாக ஏறி அவர் சொன்னது ஒன்றுதான்: இந்த நாட்டில் ஒரு கோடிக்கு மேல் கறுப்பர் இருக்கிறோம், எங்கள் காசும் காசுதான், எங்கள் பெண் ஒருத்தி எங்கள் பாட்டைப் பாடினால் வாங்குவோம். பெரிய கம்பெனிகள் கதவைச் சாத்தின. ஓக்கே என்ற புதிய கம்பெனியின் ஃப்ரெட் ஹேகர் மட்டும் காது கொடுத்தார். கறுப்புப் பெண்ணைப் பாடவைத்தால் உங்கள் சரக்கையே புறக்கணிப்போம் என்று அவருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன.

பிராட்ஃபோர்டு கூட்டிவந்த பெண் சின்சினாட்டியைச் சேர்ந்த மேமி ஸ்மித். ஹார்லெமின் கேளிக்கை அரங்குகளில் பாடிக்கொண்டிருந்தவர். 1920 பிப்ரவரியில் கம்பெனியின் வெள்ளை வாத்தியக்காரர்களை வைத்து இரண்டு பாடல்களை எச்சரிக்கையாகப் பதிவு செய்து பார்த்தார்கள். வானம் இடிந்து விழவில்லை, தட்டும் விற்றது. ஆகஸ்ட் 10 அன்று, இந்த முறை கறுப்புக் கலைஞர்களே வாசிக்க, ‘கிரேஸி புளூஸ்’ பதிவானது. முதல் மாதத்திலேயே 75,000 தட்டு விற்றதாகச் சொல்கிறார்கள். தெற்கே ரயில் போகும் ஊர்களிலெல்லாம் புல்மன் பெட்டிகளின் கறுப்புப் பணியாளர்கள் தட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் விற்றார்கள். ‘சிகாகோ டிஃபெண்டர்’ வார இதழை மறைத்துக் கொண்டுபோய்ப் பரப்பியதும் அதே கைகள்தான்.

மேமி ஸ்மித்தின் பாட்டைக் கேட்டுப் பார்த்தவர்கள் சற்று ஏமாறக்கூடும். இது மேடைக்கான, பயிற்சி பெற்ற, தெளிவான உச்சரிப்புள்ள குரல். பருத்திக்காட்டின் புழுதி அதில் இல்லை. ஆனால் அந்தத் தட்டு இல்லாவிட்டால் புழுதிக் குரல்களைத் தேடி எந்தக் கம்பெனியும் போயிருக்காது. எல்லாக் கம்பெனிகளும் கறுப்பு மக்களுக்கென்றே தனி வரிசை எண்களில் தட்டுப் போட ஆரம்பித்தன. ‘ரேஸ் ரெக்கார்டு’ என்ற பெயரில் அவை விற்றன. பாரமவுண்டின் 12000 வரிசை 1922-இல் தொடங்கியது.

கறுப்பரே நடத்திய கம்பெனியும் ஒன்று இருந்தது. இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியின் பழைய கூட்டாளி ஹாரி பேஸ் 1921-இல் தொடங்கிய பிளாக் ஸ்வான். எத்தல் வாட்டர்ஸின் தட்டுகளால் நன்றாகவே ஓடியது. ஆனால் பேஸுக்குத் தம் இனத்தின் மரியாதையைப் பற்றிய கவலை அதிகம். சங்கீதம் என்றால் நாகரிகமாக இருக்க வேண்டும். பாடிப்பார்க்க வந்த பெஸ்ஸி ஸ்மித்தை, குரல் கரடுமுரடு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1924-இல் பிளாக் ஸ்வானின் தட்டுகளை நாற்காலிக் கம்பெனி எடுத்துக்கொண்டது.

புளூஸுக்கு நாற்காலிக் கம்பெனி செய்த வேலையை ஜாஸுக்குச் செய்தது ஒரு பியானோ கம்பெனி. இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஸ்டார் பியானோ தொழிற்சாலையின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி, ஜென்னட் கம்பெனியின் பதிவுக்கூடம். ரயில் வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைக் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய தகரக் குழாய்க்குள் வாசித்தால், அதன் அதிர்வு மறுபக்கத்தில் மெழுகில் ஊசியால் கோடு கிழிக்கும். 1923 ஏப்ரல் 5 அன்று கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் சிகாகோவிலிருந்து இங்கே வந்து இறங்கியது. சிகாகோவின் லிங்கன் கார்டன்ஸ் அரங்கில் இரவுதோறும் கூட்டத்தைக் கிறங்க அடித்துக்கொண்டிருந்த குழு. முந்தின ஆண்டு ஆலிவர் தந்தி கொடுத்து நியூ ஆர்லியன்ஸிலிருந்து வரவழைத்த இருபத்தொரு வயதுப் பையன் லூயி ஆம்ஸ்ட்ராங் இரண்டாவது கார்னெட்.

பதிவுக்கூடத்தில் ஒரு சிக்கல். ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் பக்கத்தில் நின்று வாசித்தால் ஆலிவர் காணாமல் போய்விடுகிறார். சீடனின் ஊதல் அவ்வளவு பெரிது. கடைசியில் ஆம்ஸ்ட்ராங்கை அறையின் கோடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூலையில் தனியாக, முகம் வாடி நின்ற அந்தப் பையனைப் பார்த்து, குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் சிரித்துத் தைரியம் சொன்னாராம். மறு ஆண்டு இருவருக்கும் கல்யாணம் ஆனது. தாளக்காரர் பேபி டாட்ஸுக்கு டிரம் அடிக்க அனுமதியில்லை, ஊசி துள்ளிவிடும். மரக்கட்டைகளைத் தட்டித்தான் அவர் அன்றைய தட்டுகளில் தாளம் காட்டினார். இந்த இசையின் தாளம் எப்படி இருந்தது என்று இந்தத் தட்டுகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த மரக்கட்டையை மறக்கக்கூடாது.

இதே ஜென்னட் கம்பெனி கூலிக்குத் தட்டு அச்சடித்துக் கொடுக்கும். வாடிக்கையாளர்களில் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரும் உண்டு. கறுப்பரை மிரட்டக் கொளுத்தும் சிலுவையின் புகழ்பாடும் தட்டுகளும், கிங் ஆலிவரின் தட்டுகளும் ஒரே இயந்திரத்தில் அழுத்தப்பட்டு, ஒரே வாசல் வழியாக வெளியே போயின. பியானோ கம்பெனிக்கு இதில் உறுத்தல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆம்ஸ்ட்ராங் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அவருக்கென்று தனி அத்தியாயம் வருகிறது. 1925 நவம்பர் 12 அன்று சிகாகோவில் ஓக்கே கம்பெனிக்காகத் தம் பெயரிலேயே ஹாட் ஃபைவ் குழுவோடு பதிவு செய்யத் தொடங்கினார் என்பதையும், மூன்றே ஆண்டில் கூட்டாக ஊதும் இசையைத் தனி மனிதனின் கற்பனைக்கான இசையாகத் திருப்பிவிட்டார் என்பதையும் மட்டும் குறித்துக்கொள்வோம்.

மறுபடியும் நாற்காலிக் கம்பெனி. கறுப்பு மக்களின் இசையைப் பற்றி ஒன்றும் அறியாத போர்ட் வாஷிங்டன்காரர்களுக்குக் கிடைத்த பொக்கிஷம் ஜே. மேயோ வில்லியம்ஸ். பிரவுன் பல்கலைக்கழகப் பட்டதாரி, தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர், கறுப்பர். சிகாகோவில் உட்கார்ந்து பாடகர்களைப் பிடித்துக் கொடுத்தார். கம்பெனி அவருக்கு ஒழுங்கான சம்பளம் தரவில்லை. பாட்டுகளின் உரிமைத்தொகையில் கிடைப்பதை எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டது. விளைவு என்ன? பாடகர்களுக்குச் சேர வேண்டிய உரிமைப்பணத்தில் பெரும்பகுதி அவர்களை வந்து சேரவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பலர். தெரிந்தவர்களும் படித்துப் பார்த்துப் போட்டவர்கள் அல்லர். வில்லியம்ஸைத் திருடன் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவரை அந்த இடத்தில் நிறுத்தி, சம்பளப் பட்டியலில் சேர்க்காமல், அவர் கொண்டுவந்ததைத் தின்றவர்களைப் பற்றி அதே நூல்கள் அவ்வளவாகக் கோபப்படுவதில்லை.

வில்லியம்ஸ் 1923-இல் கூட்டிவந்தவர் மா ரெய்னி. ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரத்துக்காரர், இயற்பெயர் கெர்ட்ரூட் பிரிட்ஜெட். 1904-இல் வில் ரெய்னியை மணந்து, கூடாரக் காட்சிக் குழுக்களோடு தெற்கெல்லாம் இருபது வருடம் சுற்றிவிட்ட பிறகுதான் அவருக்கு முதல் இசைத்தட்டு. மிசௌரியில் ஒரு சிறு ஊரில், ஒரு பெண் தன்னை விட்டுப்போன ஆணைப் பற்றிப் பாடிய விசித்திரமான துயரப் பாட்டை 1902-இல் கேட்டதாகவும், அன்றிலிருந்து அதைத் தம் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அழகி அல்லர், வாயில் தங்கப் பற்கள், கழுத்தில் தங்கக் காசுமாலை, கையில் இறகு விசிறி. அறுவடை முடிந்து கையில் காசு புரளும் காலத்தில் பருத்தி விளையும் ஊர்களில் கூடாரம் அடிப்பார்கள்.

இசைத்தட்டால் பெயர் பரவியபின் அவர் மேடையில் தோன்றிய விதத்தை, அன்று அவர் குழுவை நடத்திய பியானோக்காரர் தாமஸ் டோர்சி பின்னாளில் சொல்லியிருக்கிறார். திரை விலகும்போது மேடையில் ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு கிராமபோன் பெட்டி. ஒரு பெண் வந்து பெரிய தட்டு ஒன்றை அதில் வைப்பாள். பெட்டிக்குள்ளிருந்து மா ரெய்னியின் குரல் கிளம்பும். முகம் தெரியாது. பிறகு பெட்டியின் கதவு திறக்கும். பொன் மினுங்க அவர் வெளியே இறங்கி வருவார். கூட்டம் வெறிபிடித்ததுபோல் ஆர்ப்பரிக்கும். வீட்டுப் பெட்டிக்குள் கேட்ட குரலை ரத்தமும் சதையுமாகப் பார்க்கும் அந்த நொடியின் விலை ரெய்னிக்குத் தெரிந்திருந்தது. இந்த டோர்சிதான் பின்னால் புளூஸை விட்டுவிட்டுத் தேவாலயம் புகுந்து காஸ்பல் இசையின் தந்தை என்று பெயரெடுத்தார்.

மா ரெய்னி பாரமவுண்டுக்குப் பாடியது ஐந்தாண்டில் ஏறத்தாழ நூறு பாடல்கள். பதிவுத் தரம் படுமோசம். இசைத்தட்டுக்கு உயிர் அரக்கு. அன்றைய உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்துதான் கப்பலேறியது. நாற்காலிக் கம்பெனி அதில் கஞ்சத்தனம் பண்ணி மண்ணும் தூளும் கலந்தது. பத்துத் தடவை போட்டுக் கேட்டால் பாட்டைவிட இரைச்சல் உரக்கக் கேட்கும். மா ரெய்னி கம்பீரமான பாடகி என்று கேட்டவர்களெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். நாம் கேட்பது மழைக்கு நடுவே தகரக் கொட்டகைக்குள்ளிருந்து வரும் அவருடைய நிழலை. 1928-இல், இந்தப் பட்டிக்காட்டுப் பாணி இனி எடுபடாது என்று கம்பெனி அவரைக் கைகழுவியது.

பெஸ்ஸி ஸ்மித்துக்கு இந்தக் குறை இல்லை. அவர் பாடியது கொலம்பியா கம்பெனிக்கு. நல்ல கருவி, நல்ல அரக்கு. டென்னஸியின் சாட்டனூகாவில் பிறந்து, பெற்றோரைச் சிறுவயதில் இழந்து, அண்ணன் கிடார் வாசிக்கத் தெருவில் பாடிக் காசு வாங்கிய பெண். 1912-இல் அவர் சேர்ந்த காட்சிக் குழுவில் மா ரெய்னியும் இருந்தார். ரெய்னி பெஸ்ஸியைக் கடத்திக்கொண்டுபோய்ப் பாடக் கற்றுக்கொடுத்தார் என்று ஒரு கதை; நம்ப வேண்டியதில்லை. 1923 பிப்ரவரியில் கொலம்பியாவில் முதல் நாள் எடுத்த பதிவுகள் எல்லாம் வீண். மறுநாள் ‘டவுன்ஹார்ட்டட் புளூஸ்’ சரியாக அமைந்தது. ஆறு மாதத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் விற்பனை. அவருக்குக் கிடைத்ததோ பயன்படும் பாட்டு ஒன்றுக்கு 125 டாலர். அதிலும் பாதியை நடுவில் நின்ற பியானோக்காரர் கிளாரன்ஸ் வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டது தெரிந்ததும், பெஸ்ஸியும் கணவர் ஜாக் கீயும் அவர் அலுவலகத்துக்கே போய் நேரில் ‘பேசி’ ஒப்பந்தத்தை விடுவித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பங்கு என்ற விதி மட்டும் புது ஒப்பந்தத்திலும் இடம்பெறவில்லை. நூற்றறுபது பாடல்கள் பாடியவர். விற்ற தட்டுகளுக்குப் பங்காக ஒரு சதமும் வாங்கவில்லை.

1925 ஜனவரியில் ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ பாடலை அவர் பதிவு செய்தபோது உடன் வாசித்தவர்கள் இருவர் மட்டுமே: கார்னெட்டில் ஆம்ஸ்ட்ராங், ஆர்மோனியத்தில் ஃப்ரெட் லாங்ஷா. நம் நாடக மேடைகளின் கால்மிதி ஆர்மோனியத்துக்கு உறவான அதே ரீங்காரம்தான் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெஸ்ஸி ஒவ்வொரு அடியையும் பாடி நிறுத்தும் இடைவெளியில் ஆம்ஸ்ட்ராங் பதில் சொல்கிறார். அவசரமே இல்லை. இந்தத் தொடர் படிக்கிறவர்கள் ஒரே ஒரு தட்டைத்தான் கேட்பேன் என்று அடம் பிடித்தால் இதைக் கேளுங்கள் என்பேன். அதே ஆண்டு மே மாதம் மின்பதிவு வந்தது. எதிரொலியை அடக்கப் பொறியாளர்கள் அறைக்குள்ளே துணிக்கூடாரம் ஒன்றைத் தொங்கவிட்டு, பெஸ்ஸியையும் வாத்தியக்காரர்களையும் அதற்குள் அடைத்தார்கள். நடுப் பதிவில் கூடாரம் அறுந்து எல்லார் தலையிலும் விழுந்தது. பெஸ்ஸி அப்போது சொன்னதை அச்சிட முடியாது.

உச்சகாலத்தில் குழுவோடு பயணம் செய்யத் தனக்கென ஒரு ரயில் பெட்டியே வைத்திருந்தார். இது ஆடம்பரமாக மட்டும் தோன்றினால் தவறு. தெற்கில் கறுப்பரைத் தங்கவிடும் விடுதி கிடைப்பது அரிது. சொந்தப் பெட்டியில் சமைக்கலாம், படுக்கலாம், விடிவதற்குள் ஊரைத் தாண்டிவிடலாம்.

1937 செப்டம்பர் 26 அன்று மிசிசிப்பியில், 61-ஆம் எண் நெடுஞ்சாலை விபத்தில் பெஸ்ஸி இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் ரத்தம் வடிந்து செத்தார் என்று ஓர் இசைப் பத்திரிகையில் வந்த செய்தி உலகம் முழுவதும் பரவியது. அதை வைத்து நாடகமே எழுதினார்கள். உண்மையில், அவரை நேராகக் கிளார்க்ஸ்டேல் நகரின் கறுப்பர் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். வெள்ளையர் மருத்துவமனையின் வாசலைத் தட்டும் எண்ணமே ஆம்புலன்ஸ் ஓட்டியவனுக்கு வந்திருக்காது. கட்டுக்கதையைவிட நிஜம் மோசமாக இருந்த இடங்களில் இது ஒன்று. பிலடெல்பியாவை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு கல் நட 1970 ஆனது. செலவைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் ராக் பாடகி ஜானிஸ் ஜோப்ளின். இன்னொருவர் ஜுவானிடா கிரீன், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் தரை துடைத்தவர்.

பாடகிகளின் சந்தை மந்தமாகத் தொடங்கிய வேளையில் நாற்காலிக் கம்பெனிக்கு டெக்ஸாஸிலிருந்து ஒரு கண்தெரியாத மனிதர் கிடைத்தார். டாலஸின் டீப் எலம் தெருமுனைகளில் கிடார் வாசித்துப் பிழைத்த பிளைண்ட் லெமன் ஜெபர்சன். வாத்தியக் குழு வேண்டாம், ஒப்பனை வேண்டாம், ஒரு ஆளும் ஒரு கிடாரும் போதும். கம்பெனிக்கு இதைவிட மலிவாக என்ன வேண்டும்? 1926-இல் வெளியான அவருடைய தட்டு எவ்வளவு விற்றது என்றால், அச்சு வார்ப்பே தேய்ந்துபோய் அதே பாட்டை மறுபடி பாடவைத்துப் பதிவு செய்தார்கள். 1928-இல் பிறந்தநாள் தட்டு என்று எலுமிச்சை நிறத்தில், அவர் படம் போட்ட தனிச் சீட்டு ஒட்டி விற்றார்கள். கறுப்புக் கலைஞனுக்கு இப்படிச் செய்வது அபூர்வம். மறு ஆண்டு டிசம்பரில் சிகாகோவில் கடுங்குளிரில் இறந்தார். பியானோக்காரர் வில் ஈஸெல் உடலோடு ரயிலேறி டெக்ஸாஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஜெபர்சனைப் போல இன்னும் பத்துப் பேர் வேண்டும் என்று கம்பெனி தேடத் தொடங்கியபோதுதான் மிசிசிப்பி டெல்டாவின் கதவு திறந்தது. சாவி வைத்திருந்தவர் ஜாக்சன் நகரில், கறுப்பர் வணிகத் தெருவான ஃபாரிஷ் தெருவில் கிராமபோன் கடை நடத்திய எச். சி. ஸ்பியர் என்ற வெள்ளைக்காரர். யார் வந்து கேட்டாலும் கடையிலேயே ஒரு சோதனைத் தட்டுப் பதிவு செய்துகொடுப்பார். நன்றாக இருந்தால் கம்பெனிக்கு எழுதுவார். பின்னாளில் உலகமே கொண்டாடிய டெல்டா பாடகர்களில் பெரும்பான்மையோர் இந்த ஒற்றை மனிதரின் காதைத் தாண்டித்தான் போனார்கள். அவர் காதுக்குப் பிடிக்காமல் வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

டாக்கரி பருத்திப் பண்ணையிலிருந்து சார்லி பேட்டன் ஸ்பியருக்குக் கடிதம் போட்டார். ஸ்பியர் நேரில் வந்து பார்த்தார். 1929 ஜூன் 14, ரிச்மண்டில் அதே ஜென்னட் பதிவுக்கூடம், ஒரே நாளில் பதினான்கு பாடல்கள். பேட்டன் அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இருபது வருடமாகப் பண்ணை விடுதிகளில் விடிய விடியப் பாடியவர். கிடாரை முதுகுக்குப் பின்னால் பிடித்து வாசிப்பார், காலிடுக்கில் வைத்து வாசிப்பார். குரல் சரளைக்கல். மேமி ஸ்மித்தின் தட்டு வருவதற்கு வெகு முன்பே இவர் பாட்டு உருவாகிவிட்டது. தட்டில் ஏறியதோ ஒன்பது வருடம் கழித்து. நான் முன்னே சொன்ன தலைகீழ் வரிசைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. கம்பெனிக்காரர்கள் அவர் தட்டு ஒன்றைப் பெயரே போடாமல், முகமூடி அணிந்த வித்தகர் என்று படம் போட்டு வெளியிட்டு, யார் என்று கண்டுபிடித்தால் ஒரு தட்டு இலவசம் என்று போட்டி வைத்தார்கள். சரளைக்கல் குரலை ஒருமுறை கேட்டவன் மறப்பானா? போட்டி என்று சொல்வதே வேடிக்கை.

இந்தத் தட்டுகளில் நாம் மறந்துவிடுகிற ஒன்று கடிகாரம். பண்ணை விடுதியில் ஒரு பாட்டை ஆடுகிறவர்கள் களைக்கும்வரை அரைமணி நேரம் இழுக்கலாம். தட்டில் மூன்று நிமிடம்தான். ஆகவே ஐந்தாறு கண்ணிகளைப் பொறுக்கி எடுத்து, தொடக்கமும் முடிவும் வைத்துக் கட்டினார்கள். புளூஸ் பாட்டு என்று நாம் அறிந்திருக்கும் அந்தக் கச்சிதமான வடிவம் பாதி பாடகன் கொடுத்தது, மீதி மெழுகுத் தட்டின் அகலம் கொடுத்தது. 1930 மே மாதம் பேட்டனோடு காரில் விஸ்கான்சினுக்குப் புறப்பட்டு வந்த சன் ஹவுஸ் இதற்கு அடங்கவில்லை. முன்னாள் போதகர் அவர். மூன்று நிமிடத்தில் பிரசங்கம் முடியுமா? அவருடைய பாட்டுகளைத் தட்டின் இரு பக்கமும் இரண்டு பாகமாகப் போட்டார்கள்.

அந்தப் பயணத்தில் பேட்டன், சன் ஹவுஸ், வில்லி பிரவுன், பியானோ வாசித்துப் பாடும் லூயிஸ் ஜான்சன் என்ற பெண் ஆகிய நால்வர். போன இடம் மில்வாக்கி ஆற்றங்கரையில் கிராஃப்டன் என்ற ஊர். பழைய பின்னலாடை ஆலை ஒன்றில் கம்பெனியின் தட்டுத் தொழிற்சாலை, பக்கத்தில் பதிவுக்கூடம். அங்கே தங்களுக்குள் பாடிக்கொண்டதைப்போல் பாடினார்கள். டெல்டா புளூஸின் அடிப்படை ஆவணம் என்று இன்று போற்றப்படுவது அந்தச் சில நாள் வேலை. சன் ஹவுஸுக்கு 40 டாலர் கிடைத்தது. பருத்தி பறித்தால் அதைச் சேர்க்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருக்கும் என்று அவர் பின்னாளில் சொன்னார். ஏமாற்றப்பட்டதாக அவருக்குத் தோன்றவேயில்லை.

ஆனால் காலம் தப்பிவிட்டது. வால் தெரு சரிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. 1927-இல் அமெரிக்காவில் பத்துக் கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டு 1932-இல் அறுபது லட்சமாகச் சுருங்கியது. முக்கால் டாலர் கொடுத்துத் தட்டு வாங்கப் பருத்திக்காட்டில் யாரிடம் இருக்கிறது? கிராஃப்டன் தட்டுகள் நூற்றுக்கணக்கில்கூட விற்றிருக்குமா என்பது ஐயம். 1931 பிப்ரவரியில் ஸ்பியர் அனுப்பிவைத்த ஸ்கிப் ஜேம்ஸ் தனியாக ரயிலேறி வந்து, கிடாரிலும் பியானோவிலும் மாறிமாறிப் பாடினார். பதினெட்டுப் பாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. வெறும் கையோடு என்று சொல்லும்படியான தொகையோடு ஊர் திரும்பியவர் மனம் வெறுத்துத் தேவாலயப் பக்கம் போய்விட்டார். மூழ்கும் கம்பெனியை 25,000 டாலருக்கு வாங்கிக்கொள்ளும்படி ஸ்பியரிடமே கேட்டார்களாம். அவரால் அந்தப் பணத்தைப் புரட்ட முடியவில்லை.

1932-இல் பதிவுகள் நின்றன. நாற்காலிக் கம்பெனி நாற்காலிக்குத் திரும்பியது. அச்சு வார்ப்புகள் பழைய உலோக விலைக்குப் போயின. வேலை போன தொழிலாளர்கள் ஆத்திரத்தில் மிஞ்சிய தட்டுகளை மில்வாக்கி ஆற்றில் வீசி எறிந்ததாக ஊரில் கதை உண்டு. 2006-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக முக்குளித்துத் தேடிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. கிராஃப்டன் தட்டுகளில் சிலவற்றுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் எஞ்சியிருக்கிறது. வில்லி பிரவுன் பாடிய ஒரு தட்டுக்கு அதுவும் இல்லை. விளம்பரத்தில் பெயர் இருக்கிறது, பாட்டு இல்லை.

ஃபாரிஷ் தெருக் கடை மட்டும் மூடவில்லை. பாரமவுண்ட் போனால் என்ன, வேறு கம்பெனிகள் இருந்தன. சில ஆண்டுகள் கழித்து இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் அங்கே வந்து பாடிக் காட்டினான். சன் ஹவுஸும் வில்லி பிரவுனும் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், இடைவேளையில் அவர்கள் கிடாரை எடுத்துத் தட்டித் திட்டு வாங்கியவன். ஸ்பியர் அவன் பெயரை ஒரு கம்பெனி முகவருக்கு எழுதி அனுப்பினார். 1936 நவம்பர் 23 அன்று டெக்ஸாஸின் சான் அன்டோனியோ நகரில் ஒரு ஓட்டல் அறையில் ராபர்ட் ஜான்சன் மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். அந்த அறைக்குள் அடுத்த அத்தியாயத்தில் போவோம்.